அமெரிக்க விடுதலைப் போரும் கடலூர் முற்றுகையும் (1783)

முன்னுரை

வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானியப் பேரரசிலிருந்து பிரிந்து ஐக்கிய அமெரிக்க நாடுகளாக உருப்பெற்றன. அவ்விடுதலைப் போரின் கடைசிச் சண்டை 1783இல் கடலூரில் நடந்தது என்று கூறும் வழக்கு உண்டு. அக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர் பரவிய வழி

1776 ஜூலை 4இல் குடியேற்றங்கள் விடுதலையை அறிவித்தன. 1778 பிப்ரவரி 6இல் பிரான்சு அவற்றுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இதனால் மூண்ட ஆங்கில - பிரெஞ்சுப் போர் இந்தியாவிற்கும் பரவியது. 1778 அக்டோபரில் புதுச்சேரியும் 1779 மார்ச்சில் மாகேயும் ஆங்கிலேயர் வசமாயின. ஹைதர் அலிக்குப் படைக்கருவிகள் வந்துசேர்ந்த துறைமுகம் மாகே. மராத்தியர் படையெடுத்தபோது, 1769 உடன்படிக்கையின்படி கம்பெனி தமக்கு உதவவில்லை என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. 1780 ஜூலையில் அவர் கர்நாடகப் பகுதியின்மீது படையெடுத்தார்.

சிதம்பரமும் கடலூரும்

ஹைதரின் படையினர் சிதம்பரம் கோயிலை அரணாகக் கொண்டிருந்தனர். 1781 ஜூன் 18இல் அதனைத் தாக்கிய அயர் கூட் பின்வாங்க நேர்ந்தது. எனினும் ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைப் போரில் அவரே வென்றார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சு - மைசூர்ப் படைகளிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் மறைந்தார்.

1783 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்திறங்கினார். ஜூன் 13இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கடலூரைத் தாக்கியபோது ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஜூன் 20இல் நடந்த கடற்போருக்குப் பின் ஹியூஸின் கப்பற்படை சென்னைக்குத் திரும்பியது. சுஃப்ரனின் கை ஓங்கியது. ஜூன் 25இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையிலிருந்து வெளிப்போந்து தாக்கி முறியடிக்கப்பட்டனர். ஜூன் இறுதியில் ஐரோப்பிய அமைதிச் செய்தி எட்டவே, ஜூலை 2இல் சண்டை நின்றது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முன்னோடி அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20ஆம் நாளாகும். கடலூரில் உயிர்கள் வீழ்ந்தது அதற்கு ஐந்து திங்கள் கழித்து!

மதிப்பீடு

ஆங்கில - பிரெஞ்சுப் போரின் முடிவைக் கருதினால் 'கடைசிச் சண்டை' என்னும் கூற்று பொருந்துவதே. ஆயினும் கடலூரில் அமெரிக்கப் படை எதுவும் போரிடவில்லை. மைசூர்ப் போரோ 1784 மார்ச் 11இன் மங்களூர் உடன்படிக்கை வரை நீடித்தது. கடலூரை அமெரிக்க வரலாற்றின் பின்னிணைப்பாக மட்டும் நோக்கினால், மைசூருக்கும் கம்பெனிக்கும் இடையிலான பகையும் போர்க்களமான தமிழ் நிலமும் மறைந்துபோகும்.

முடிவுரை

1783 செப்டம்பர் 3இல் பாரிசில் அமெரிக்க விடுதலை ஏற்கப்பட்டது. அதே நாளில் வெர்சாயில் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சிற்கு மீட்டளித்தது. கடலூர் பின்னர்க் கம்பெனியிடம் திரும்பியது. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிசு 1786இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்து, 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தார். 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறியது. மேற்கில் ஒரு புதிய நாட்டைத் தோற்றுவித்த போர், கிழக்கில் பேரரசைத் தளர்த்தவில்லை என்பதைக் கடலூரின் வரலாறு புலப்படுத்துகிறது.