லோடர் தூக்கும், வண்டி தாங்குமா?

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடணும்னு நாம எல்லோரும்தான் சொல்கிறோம். அந்த 5 டன்னை மேட்டிலிருந்து அள்ளிப் போட ஆள் எங்கே என்பதுதான் இப்போது கேள்வி. கூடை எடுத்துக் குப்பை அள்ள வருகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அதனால் இருபது, இருபத்தைந்து குதிரைத்திறன் மினி டிராக்டர் வைத்திருக்கும் இயற்கை விவசாயிகள் சிலர் அதன் முன்னால் லோடர் மாட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். மக்கு மேட்டைப் புரட்ட, மூடாக்குக்குத் தழை சுமக்க, வண்டல் அள்ள என்று வேலைக்குப் பஞ்சமில்லை. நல்ல கருவிதான். ஆனால் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஓட்டிப் பழகிய கைக்கு இது வேறு வித்தை. பின்னால் இழுக்கச் செய்த வண்டியை முன்னால் சுமக்க வைக்கிறோம்.

வாங்கப் போனால் முதல் கேள்வி, "எவ்வளவுங்க தூக்கும்?" என்பது. முந்நூறு, நானூறு கிலோ என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணை எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். லோடர் கையின் நுனியில் பக்கெட்டை மாட்டும் பின் இருக்கிறதே, அந்த இடத்தில் அளந்தால் எண் பெரிசாக வரும். அதிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி அளந்தால் குறையும். நாம் அள்ளும் குப்பை பின் மேலேயா உட்காருகிறது? பக்கெட்டுக்குள்ளே, முன்னால்தான் இருக்கிறது. அதனால் நமக்கு உதவுவது இரண்டாவது எண். உயரமும் அப்படித்தான். தரையிலிருந்து கிளப்பும்போது இருக்கும் பலம் கை முழுசா மேலே போகும்போது பெரும்பாலும் இருக்காது. டிப்பரில் கொட்ட வேண்டுமானால் முழு உயரத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். பக்கெட்டின் சொந்த எடையைக் கழித்துச் சொன்னதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பட்டறையில் செய்து மாட்டிய லோடர் என்றால் எண்ணே இருக்காது. செய்தவரும் "நல்லா தூக்குமுங்க" என்பார், அவ்வளவுதான். அதற்கு மூட்டைக் கணக்குதான் வழி. சமதரையில் 50 கிலோ மூட்டைகளை ஒன்றொன்றாகப் பக்கெட்டில் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் திணறி, ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தினால் அது லோடரின் எல்லை. அதற்கு முன்பே பின்சக்கரம் லேசாகிவிட்டால் அது வண்டியின் எல்லை. சின்ன வண்டிகளில், பின்னால் ஒன்றும் மாட்டாதபோது, இரண்டாவது எல்லை முதலில் வந்துவிடலாம். எது முதலில் வருகிறதோ அதற்குக் கொஞ்சம் கீழேதான் நம் வேலை.

ரிலீஃப் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. "ஒரு வாஷர் போட்டு பிரஷரை ஏத்திக் கொடுத்தா நல்லா தூக்கும்ணா" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. தூக்கும், சந்தேகமில்லை. ஆனால் லோடர் கையின் வெல்டிங்கும், ரப்பர் ஹோஸும், முன் ஆக்சிலும் பழைய பலத்திலேயேதான் இருக்கும். அந்த வால்வு கத்துவது நம்மைக் காப்பாற்றத்தான். அதை வாயடைக்க வைக்காதீர்கள்.

அடுத்து, அள்ளுகிற பொருளின் எடை. நம்மிடம் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: ஜீவாமிர்தம் கலக்கும் 200 லிட்டர் பேரல். மினி டிராக்டர் பக்கெட் ஏறக்குறைய அந்தக் கொள்ளளவுக்குத்தான் வரும். வைக்கோல் கலந்த, காய்ந்த தொழுவுரம் ஒரு பேரல் அளவு 100 கிலோ சுமாருக்கு இருக்கும். நன்றாக மக்கி ஈரமாக இருந்தால் 150 கிலோ. தண்ணீர் சொட்டும் சாணம் என்றால் 200 கிலோவைத் தொடும். அதே பக்கெட்டில் ஈர மணலோ களிமண் வண்டலோ அள்ளினால் 350, 400 கிலோ. குவித்து அள்ளினால் இன்னும் மேலே. பக்கெட் ஒன்றுதான், எடை நாலு மடங்கு மாறுகிறது. கோடையில் குப்பை அள்ளிப் பழகிய ஒருவர், "போன மாசம் இதே பக்கெட்தானே தூக்குச்சு" என்று மழைக்குப் பிறகு ஏரி வண்டலை அள்ளும்போதுதான் வினை. வண்டலுக்குப் பாதிப் பக்கெட் போதும்.

இப்போது வண்டி எப்படிக் குடைசாய்கிறது என்று பார்ப்போம். கடப்பாரையால் கல் நெம்பத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். முன் ஆக்சில்தான் அணைகல். பக்கெட் ஒரு முனை, பின்சக்கரம் மறுமுனை. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 1.5 மீட்டர், சுமையின் நடு முன் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கிலோ தூக்கினால், பின்சக்கரத்தின் மேல் அழுத்திக்கொண்டிருந்த எடையில் 240 கிலோ காணாமல் போகும். முன் ஆக்சிலுக்கு 300 கிலோ இல்லை, 540 கிலோ கூடும். இது வண்டி அசையாமல் நிற்கும்போது. பிரேக் அடித்தாலோ, சக்கரம் வரப்பில் இறங்கினாலோ சுமை இன்னும் முன்னால் தள்ளும்.

மினி டிராக்டர் பலவற்றில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் பிரேக் மிதித்தும் பயனில்லை, சக்கரம் தேய்ந்துகொண்டு போகும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டி என்றால் சுமையோடு இறங்கும்போது அதைப் போட்டே வையுங்கள். முன்சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும்.

இதற்கு மருந்து பின்னால் தொங்கும் எடை. மூன்று புள்ளி இணைப்பில், பின் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் பின்னால் 200 கிலோ தொங்கவிட்டால், பின்சக்கரத்துக்கு 320 கிலோ கூடுகிறது, முன் ஆக்சிலிலிருந்து 120 கிலோ குறைகிறது. அதே நெம்புகோல் இப்போது நம் பக்கம். பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும் நல்லதுதான். வால்வை உச்சியில் வைத்து அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்பலாம். ஆனால் டயர் தண்ணீர் தன் எடையை மட்டுமே தரும். முன் ஆக்சிலின் பாரத்தை அது ஒரு கிலோகூட இறக்காது. இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் என் ஓட்டு தொங்கும் எடைக்கு.

செலவும் பெரிசில்லை. பழைய பேரலைப் பாதியாக வெட்டி, கீழ் லிங்க் மாட்டும் இரும்புக் கம்பியையும் மேல் லிங்குக்கு ஒரு பட்டையையும் உள்ளே வைத்துக் கான்கிரீட் ஊற்றினால் 240 கிலோ சுமாருக்கு வரும். உங்கள் வண்டியின் பின் லிஃப்ட் அதைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டவேட்டர் இருக்கிறவர்கள் அதையே தூக்கி வைத்து ஓட்டலாம், பி.டி.ஓ. ஓடாமல் இருந்தால் சரி. கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் எடை மேடைக்குப் போய், சுமையோடு பின்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிப் பாருங்கள். பின்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முன்னால் கவிழ்வதைவிடப் பக்கவாட்டில் சாய்வதுதான் ஆளைக் கொல்வது. மினி டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது. நான்கு சக்கரத்தில் நிற்பதாகத் தெரிந்தாலும், வண்டி உண்மையில் நிற்பது இரண்டு பின்சக்கரமும் அந்த ஒரு பின்னும் சேர்ந்த முக்கோணத்தின் மேல். பக்கெட்டை மேலே தூக்கினால் மொத்த எடையும் உயரத்துக்குப் போகிறது. முக்கோணத்தைவிட்டு அது வெளியே சரிய ஒரு பக்கச் சக்கரம் எலிவளையில் இறங்கினால் போதும். அதனால் ஓடும்போது பக்கெட் முழங்காலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேலே தூக்குவது கொட்டும் இடத்தில், வண்டி நேராக, சமதரையில் நின்றபிறகு. மேட்டில் ஏறும்போது முன்னால் பார்த்து ஏறுங்கள், இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குங்கள். சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். சரிவுக்குக் குறுக்கே சுமையோடு போகவே வேண்டாம்.

வண்டியில் பாதுகாப்புக் கூண்டு இருந்தால் அதை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட்டும் போடுங்கள். கூண்டு இல்லாத வண்டியிலும், மடக்கி வைத்த கூண்டோடும் பெல்ட் போடக்கூடாது.

முருங்கை ஒடிக்க, தேங்காய் பறிக்க, பல்பு மாட்ட ஆளைப் பக்கெட்டில் ஏற்றுவது எங்கள் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. "ரெண்டு நிமிச வேலை, தூக்குங்க மாமா" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஏணி எடுத்து வரச் சொன்னேன். ஒரு ஹோஸ் வெடித்தால் கை அப்படியே கீழே விழும், லீவரில் முழங்கை பட்டால் பக்கெட் கவிழும். மேலே மின்கம்பி போனால் சொல்லவே வேண்டாம். அதே காரணத்துக்காகத் தூக்கிய கைக்கு அடியில் யாரும் நுழையக்கூடாது. வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தென்னை மரத்துண்டுகளைப் பக்கெட்டில் அள்ளி உயரத் தூக்கினால், பக்கெட் பின்பக்கம் சாயும்போது துண்டு கையின் வழியாக உருண்டு ஓட்டுபவர் மடியில் வரும். அவற்றைச் சங்கிலியில் இழுங்கள், அதுவும் பின்னால் உள்ள கொக்கியில்.

ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை ஓட்டையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். ஓர் அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள்.

கடைசியாக மண். முன் ஆக்சில் ஒரு டன்னைத் தாண்டும்போது அந்தச் சின்ன முன்டயர் இரண்டும் ஈர வயலை என்ன செய்யும் என்று யோசியுங்கள். மண்புழுவுக்காகக் குப்பை கொண்டுபோகிறோம், போகிற வழியில் அதன் வீட்டை மிதித்து இறுக்குகிறோம். நடைக்கு 200 கிலோ என்றால் 5 டன்னுக்கு 25 நடை. ஈரம் இருக்கும் நாளில் அந்த 25 நடையும் வண்டிப்பாதையோடு நிற்கட்டும். வரப்போரம் வரிசையாகக் கொட்டி வைத்து, உள்ளே கூடையில் வீசிக்கொள்வதுதான் நான் செய்வது.