பதின்மூன்றாவதாக வருபவர்

1948-இல் ஏர்ல் ஷாஃபர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாகச் சொன்னபோது, பாதையைப் பராமரித்தவர்களே முதலில் நம்பவில்லை. போரிலிருந்து திரும்பிய அந்த இளைஞர் ஏப்ரலில் ஜார்ஜியாவில் கிளம்பி, ஆகஸ்ட் 5-ஆம் தேதி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் நின்றார். அதற்குப் பிறகும் 1970 வரை முடித்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. எப்போதாவது வரும் ஒருவர் எங்கே படுத்தால் என்ன?

இன்று அந்த 3,500 கி.மீ. பாதையை ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் முடிக்கிறார்கள். ஐந்தாறு மாதம் இருட்டிய இடத்தில் கூடாரம் அடித்துப் பழகியவர், அபோல் பாலம் தாண்டியதும், கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவின் தகவல் பலகையில் உள்ள தாளில் பெயர் எழுத வேண்டும். மலையடியில் 'தி பர்ச்சஸ்' முகாம் நெடுநடைக்காரர்களுக்கென்றே இருக்கிறது. ஓர் இரவுக்கு 12 பேர்தான், முன்பதிவு கிடையாது. பதின்மூன்றாவதாக வருபவர் பூங்காவுக்கு வெளியே தங்கலாம், அல்லது முன்பதிவு செய்தவர்களுக்கான மற்ற முகாம்களில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். 2016 முதல் அனுமதி அட்டையும் வேண்டும். அக்டோபர் பாதியோடு முகாம்கள் மூடப்படுவதால், மெதுவாக நடப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

கெடுபிடிதான். ஆனால் நான் பூங்காவின் பக்கம். முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் சொந்தப் பணத்தில் சிறிது சிறிதாக 2 லட்சம் ஏக்கர் வாங்கி மெய்ன் மக்களுக்குக் கொடுத்தபோது, காடு காடாகவே இருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தார். நடைபாதை 1937-இல்தான் முழுமையானது. அவர் முதல் நிலத்தைக் கொடுத்தது அதற்கு முன்பே. விருந்தாளிதான் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும். 2015-இல் பாதையை 46 நாளில் முடித்துச் சாதனை படைத்த ஸ்காட் ஜூரெக், உச்சியில் ஷாம்பெயின் குடித்ததற்கு 500 டாலர் அபராதம் கட்டினார். அவரைச் சூழ்ந்து நின்ற கூட்டம்தான் பூங்காவை அதிகம் எரிச்சலூட்டியது என்பது என் ஊகம்.

இந்த நெரிசலைத் தவிர்க்க இப்போது பலர் பாதையின் நடுவில் தொடங்குகிறார்கள். கோடையிலேயே கட்டாடினைத் தொட்டுவிட்டு, வண்டியேறித் திரும்பி, தொடங்கிய இடத்திலிருந்து தெற்கே நடந்து ஜார்ஜியாவில் முடிக்கிறார்கள்.