போர் வண்டியின் பூர்வோத்தரம்

மதுரையிலிருந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் காலுக்குக் கீழே பெரும்பாலும் பாறைதான். வைகையை ஒட்டிய வண்டல் மண் ஒரு சிறு பட்டை. அதைத் தாண்டினால் சில அடி மண், பிறகு மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. ஆழத்துத் தண்ணீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் கிடக்கிறது. அதை எட்டத்தான் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வருகிறது. அதன் துளையிடும் குழாயான ராடின் நுனியில் ஒரு சுத்தியல். கம்ப்ரஸர் அனுப்பும் காற்றின் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் பாறையை அடிக்கும். அதன் முகப்பில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் கல்லை நொறுக்க, அதே காற்று தூளை மேலே ஊதித் தள்ளும். வெறும் தூளாகப் பறந்தால் பாறை வறண்டிருக்கிறது. குழம்பாகக் கொப்பளித்தால் ஈரம் கண்டாயிற்று. ராடு பெரும்பாலும் 20 அடி நீளம். எத்தனை ராடு இறங்கிற்று என்று ஓரமாக நின்று எண்ணினாலே ஆழம் தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணிப் பார்க்க முடியாத வேலைதான் அதிகம். மேல் மண் சரியாமலும் சாக்கடை, செப்டிக் டேங்க் கசிவு உள்ளே இறங்காமலும் இருக்க, துளையின் மேல்பகுதிக்குள் இறக்கும் கேசிங் பைப் கெட்டிப் பாறையில் போய் உட்கார வேண்டும். இரண்டு பைப்பை மிச்சம் பிடித்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சில மழைக்காலம் கழித்துத் தண்ணீர் கலங்கும்போது வண்டி எந்த ஊரில் இருக்கிறதோ. அதனால் அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே இந்த வண்டி இதற்குமுன் எங்கெல்லாம், யார் அனுமதியோடு துளைத்தது என்று கேட்பதுதான் முறை. போட்ட போருக்கெல்லாம் அனுமதிச் சீட்டு இருந்தால் ஒவ்வொரு சீட்டும் ஒரு சர்வே எண்ணில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே போய்க் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் வந்த இடங்களைக் காட்ட எல்லோரும் தயார்தான். வறண்ட துளைகளைக் காட்டச் சொல்ல வேண்டும். தண்ணீர் வராத போரை ஒருவர் எப்படி விட்டுவிட்டுப் போனார் என்பதில்தான் அவருடைய தொழில் சுத்தம் தெரியும்.

இப்படிக் கேட்பது வெறும் சந்தேகப் புத்தி அல்ல. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், மூடப்படாத பழைய ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் மீட்புக்குழி தோண்ட வந்த பெரிய இயந்திரங்களே பாறையில் திணறின. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. இத்தகைய சாவுகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. நிலத்துக்காரர் 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளைபோடும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அதன் முகவரியோடு பலகை, சுற்றிலும் முள்வேலி, கேசிங்கைச் சுற்றி சிமென்ட் மேடை, வாய்க்கு மூடி எல்லாம் வேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாடும் 2014-இல் சட்டத்தைத் திருத்தி, 2015-இல் ஊராட்சிகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. கிராமத்தில் ஊராட்சி, நகருக்குள் மாநகராட்சி என்று அனுமதிக்கு இடமும் உண்டு. ஆக, கேட்பவர் புதிதாக எதையும் கேட்கவில்லை. இருக்க வேண்டிய காகிதத்தைத்தான் கேட்கிறார்.

‘இது திருச்செங்கோட்டு வண்டி, நமக்குத் தெரிந்தது அதைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் மட்டும்தானே’ என்பார்கள். நியாயமான சிக்கல்தான். நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு இந்தத் தொழிலின் தலைநகரம். அங்கிருந்து வண்டிகள் மாநிலம் மாநிலமாகப் போகின்றன. அதனாலேயே ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது. வண்டி உரிமையாளர் பெயரும் பதிவு எண்ணும் பில்லில் ஏற வேண்டும். சித்திரை வெயிலில் தண்ணீருக்குத் தவிப்பவரிடம் 15 நாள் பொறு என்பதா என்று கேட்டால், தண்ணீர்ப் பஞ்சம் ஒரே இரவில் வருவதில்லை, மாசியிலேயே மனுக் கொடுக்கலாம். இதைவிடக் கனமான ஆட்சேபம், காகிதம் சரியாக வைத்திருப்பவரும் மட்டமாக வேலை செய்யலாம் என்பது. செய்யலாம்தான். அனுமதிச் சீட்டு கேசிங்கை இறக்காது, பாறையில் இல்லாத தண்ணீரையும் வரவழைக்காது. துளை வறண்டதற்கு வண்டிக்காரரைக் குறை சொல்வதும் தவறு. தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லையே! ஆனால் காகிதம் இருந்தால் தகராறு வரும்போது தேடிப்போக ஒரு முகவரி இருக்கும். காகிதமே இல்லாதவர் அதையும் தரப் போவதில்லை. மிச்சத்தை வேலை நடக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்: கேசிங் பைப்புகளை இறக்குமுன் எண்ணுவது, வறண்டு போனால் துளையை நிரப்பும் வேலை யாருடையது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது, நிரப்பி முடிக்கும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காமல் வைத்திருப்பது.