பிளாஸ்மா அலைகள் உரைக்கும் செய்தி

விண்வெளி வெறுமையானது என்பர். ஆயின், கோள்களுக்கிடையேயுள்ள வெளி முற்றும் வெறுமையன்று. ஞாயிற்றிலிருந்து இடையறாது வெளிப்படும் இலத்திரன்களும் அயன்களும் அங்கே காற்றெனப் பரந்து வீசுகின்றன. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாலான பொருளுக்குப் பிளாஸ்மா என 1928 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லாங்மூர் பெயரிட்டார். விண்வெளிப் பிளாஸ்மா மிக ஐதானது; கண்ணாற் காண்டற்கரியது. அதனை அறிதற்குரிய சிறந்த வழிகளுள் ஒன்று, அதில் எழும் அலைகளை ஆராய்தலேயாகும்.

பிளாஸ்மாவில் இலத்திரன்கள் தம் நிலையினின்று சற்றே பெயர்க்கப்படின், அயன்களின் கவர்ச்சி அவற்றை மீட்டிழுக்கும்; அவை விரைவினால் அந்நிலையைக் கடந்து சென்று மீண்டும் திரும்பும். இவ்வூசலாட்டத்தின் மீடிறன் இலத்திரன்களின் செறிவைப் பொறுத்தது. செறிவு நான்கு மடங்காயின், மீடிறன் இரு மடங்காகும். ஒரு கன சென்ரிமீற்றரில் ஓர் இலத்திரன் இருப்பின், செக்கனுக்கு ஏறக்குறைய 9,000 அதிர்வுகள் நிகழும். ஆகவே, மீடிறனை அளந்தோர் செறிவையும் அறிந்தோராவர்.

பிளாஸ்மாவில் வேறு பல அலைகளும் உள. அவை ஒலியல்ல, மின்புலத்தின் அதிர்வுகள், சிலவற்றிற் காந்தப்புலமும் உடனதிரும். ஆயினும், பலவற்றின் மீடிறன் செவிப்புலனின் எல்லைக்குள் அடங்குதலின், ஒலிபெருக்கிமூலம் அவற்றைக் கேட்டல் கூடும். முதலாம் உலகப் போரிலே பகைவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட ஜேர்மானியராகிய பார்க்கவுசன், உயர்ந்த சுருதியிலிருந்து தாழ்ந்திறங்கும் சீழ்க்கைகளைக் கேட்டார். மின்னலிற் பிறந்த அலைகள் புவியின் காந்தக் கோடுகள் வழியே செல்லுங்கால், மீடிறன் உயர்ந்தவை முந்தியும் தாழ்ந்தவை பிந்தியும் வருதலே இதன் காரணமென 1953 இல் ஸ்ரோரி விளக்கினார். 1979 மார்ச்சில் வியாழனை அணுகிய வொயேஜர் 1 விண்கலம் இத்தகைய சீழ்க்கைகளை அங்கும் பதிவுசெய்தது. அக்கோளின் இருட்புறப் படங்களிலும் மின்னொளி காணப்பட்டது. வியாழனிலும் மின்னல் உண்டென்பது இவ்வாறு துணியப்பட்டது.

1985 செப்ரெம்பர் 11 அன்று ஐ.சி.ஈ. என்னும் விண்கலம் ஜியாக்கோபினி-சின்னர் வால்வெள்ளியின் வாலை ஊடறுத்துச் சென்றது. வால்வெள்ளியொன்றை அணுகிய முதற்கலம் அதுவே. வால்வெள்ளியின் கருவினின்று வெளியேறும் வாயு, ஞாயிற்றொளியால் அயனாகி, ஞாயிற்றுக் காற்றினால் வாரிச் செல்லப்படும். அக்கலப்பில் எழுந்த கொந்தளிப்பைக் கலத்தின் அலைக்கருவி நெடுந்தொலைவிலேயே உணர்ந்தது.

இவ்வாராய்ச்சியின் பயனைப் பின்னர் வொயேஜர் 1 இன்னும் தெளிவாகக் காட்டியது. பிளாஸ்மாவை நேரே அளக்கும் அதன் கருவி 1980 இற் செயலிழந்தது. ஆதலின், ஞாயிற்றுக் காற்று ஓயும் எல்லையை அக்கலம் கடந்ததோ என்னும் வினாவுக்கு விடை காண்டல் அரிதாயிற்று. 2013 ஏப்ரல், மே மாதங்களில், ஞாயிற்றில் முன்னர் நிகழ்ந்த வெடிப்பின் அதிர்ச்சி கலத்தைச் சூழ்ந்த பிளாஸ்மாவை அசைத்தது. அலைக்கருவி கண்ட மீடிறன் செக்கனுக்கு ஏறக்குறைய 2,600. எனவே, கன சென்ரிமீற்றருக்குச் செறிவு ஏறக்குறைய 0.08, இஃது எல்லைக்குள் உள்ள செறிவிலும் ஏறத்தாழ நாற்பது மடங்காகும். முற்கூறிய விதிகொண்டு இதனை மாணவர் தாமே கணித்தறியலாம். அயோவாப் பல்கலைக்கழகத்துக் கேர்னெற் குழுவினர் இதனைப் பிற பதிவுகளோடு ஒப்புநோக்கி, 2012 ஓகஸ்ற் 25 அளவில் கலம் எல்லையைக் கடந்ததென நிறுவினர்.

நேரே அளக்குங் கருவி ஓய்ந்து முப்பதாண்டுகளுக்கு மேற்சென்றபின், அலையொன்று அவ்விடையைத் தந்தது. காணவியலாப் பொருளையும் அதன் அசைவுகொண்டு அறியலாம் என்பதே இத்துறை நமக்குப் புகட்டும் பாடமாகும்.