ஏலமலைத் தடம் – 11: உன் பங்குக்கும் சேத்து

போன வாரம் கதையைப் போடி ரயில் நிலையத்தில் விட்டிருந்தேன். இந்த வாரம் ஜீப்.

பிப்ரவரிக் கடைசி, இன்னும் விடியவில்லை. எட்டுப் பேர் நெருக்கி உட்காரக்கூடிய வண்டியில் பதினான்கு பேர் இருந்தோம். என்னையும் டிரைவரையும் தவிர எல்லாரும் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் அந்த வருஷத்துக் கடைசிக் காய் எடுப்புக்குப் போகிறவர்கள். காலையில் மாநிலம் தாண்டிப் போய், பொழுது சாய இறங்கிவிடுகிற பிழைப்பு.

எனக்கு அது லெந்து காலம். காலைச் சாப்பாட்டை விட்டிருந்தேன். விட்டிருக்கிறேன் என்ற நினைப்பை மட்டும் விடவில்லை. எதிரே ஒரு கிழவி புகையிலையை அதக்கிக்கொண்டு, செத்துப்போன தன் புருஷனைப் பற்றி ஒரு பச்சையான கதையை எடுத்துவிட்டார். வண்டியே குலுங்கிச் சிரித்தது. நான் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன்.

முந்தல் செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. செக்போஸ்ட்டைக் கண்டால் எனக்கு இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன் ஞாபகம் வந்துவிடும். எங்கள் சி.எஸ்.ஐ. வீடுகளில் புழங்கும் பழைய வேதாகமத்தில் அவன் ஆயக்காரன். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் வரிதண்டுபவர். பழைய சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கதைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. அதே உவமையில் கோயிலில் அவன் பக்கத்தில் ஜெபிக்க நிற்கிற பரிசேயன் பொய் எதுவும் சொல்வதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் இருக்கிறான், தசமபாகம் கொடுக்கிறான், எல்லாம் நிஜம். பக்கத்தில் நிற்கிறவனை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே ஜெபிக்கிறான் என்பதுதான் கோளாறு. இந்த உவமையை வைத்து நானே பிரசங்கம் செய்திருக்கிறேன். அன்று ஜீப்பில் அது ஞாபகத்துக்கு வந்தும், அந்தப் பரிசேயனை வேறு யாரோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புலியூத்து தாண்டி ஒரு வளைவில் சின்னக் கோயில். வண்டியை ஓரங்கட்டினார்கள். எல்லாரும் இறங்கிச் சூடம் கொளுத்தித் திருநீறு பூசிக்கொண்டார்கள். நான் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். கிழவி திரும்பி வந்து கேட்டார்:

“ஏன்ப்பா, நீ எறங்கலையா?”

“நாங்க வேதக்காரங்கம்மா.”

“சரி விடு. ஒன் பங்குக்கும் சேத்துத்தான் கும்பிட்டிருக்கேன்.”

அதற்கு மேல் என்னிடம் விளக்கமும் கேட்கவில்லை, எனக்கு விளக்கவும் இல்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அங்கிருந்து நகர முடியவில்லை. நான் யாருக்காகவாவது அவர்கள் பங்கையும் சேர்த்து ஜெபித்திருக்கிறேனா? ஜெபித்திருக்கிறேன், அவர்கள் திருந்த வேண்டும் என்று.

இந்தச் சீமையில் இதே சிக்கலில் மாட்டியவர் ஒருவர் உண்டு. போடி, மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட பாளையமாக இருந்த காலத்தில், 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தவர் ராபர்ட் டி நோபிலி. இத்தாலியப் பிரபு குடும்பம், இயேசு சபை, வயது 29. அவருக்கு முன்பே, 1595 முதல், கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியர் அங்கே இருந்தார். படைவீரராக இருந்து துறவியானவர். மதுரைக்கு வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் உள்ளூரார் ஒருவரும் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கவில்லை. மாட்டிறைச்சியும் மதுவும் புழங்குகிற பறங்கியின் மார்க்கம் நமக்கெதற்கு என்று ஒதுங்கினார்கள். நோபிலி அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தார். பாதக்குறடு, ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு, தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று மாறி, தத்துவ போதகர் ஆனார்.

பெர்னாண்டஸுக்குப் பொறுக்கவில்லை. இவன் கிறிஸ்தவனே இல்லை என்கிற தொனியில் 1610-ல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு 1619-ல் கோவாவில் மதகுருமார் சபைக்கு வந்து, பிறகு ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் 15-ஆம் கிரகோரி தீர்ப்புச் சொன்னார்: பூணூல், குடுமி, சந்தனம், முழுக்கு இவற்றை மூடநம்பிக்கை கலவாமல் வைத்துக்கொள்ளலாம். இதற்கிடையில் 1616-ல் பெர்னாண்டஸ் பிராமண வழக்கங்களைப் பற்றித் தடித்த நூல் ஒன்றை எழுதி முடித்திருந்தார். எதிராளியைக் குற்றவாளியாக்கத் தகவல் சேகரித்தவர், கடைசியில் ஊர் வழக்கத்தை அத்தனை நுணுக்கமாகப் பதிந்துவைத்தார். எனக்கு அவரை முழுக்க வெறுக்க முடியவில்லை.

கதையை இங்கே நிறுத்தினால் நோபிலி தாழ்மையின் சிகரம். பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் பிராமணர் தெருவுக்குப் பொருந்த வாழ்ந்த நோபிலி, பெர்னாண்டஸின் பரதவ ஜனங்களோடு புழங்குவதை விட்டார். நான் பறங்கி இல்லை என்று ஊருக்கு அறிவித்தார். இரண்டு கிறிஸ்தவர்கள், இரண்டு கோவில்கள், நடுவே சாதி. தீர்ப்பு கொடுத்த பாப்பரசரே அதே ஆவணத்தின் கடைசியில், உயர்குலத்தார் எளியவர்களை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, வேதம் கேட்கவும் தேவதிரவிய அனுமானம் பெறவும் தனித்தனியாகப் பிரிந்து போகக் கூடாது என்று மன்றாடியிருக்கிறார். அனுமதியைப் பிடித்துக்கொண்டோம், மன்றாட்டை விட்டுவிட்டோம். 1640 வாக்கில், எல்லாச் சாதியாரோடும் புழங்குவதற்கென்று அதே சபையின் பல்தசார் டா கோஸ்டா பண்டாரசாமியாக வேஷம் மாற்ற வேண்டியிருந்தது. வடக்கன்குளத்தில் கோவிலுக்குள் சாதிக்காரர்களைப் பிரித்த சுவர் இடிந்தது 1910-ல்.

மேலே இருக்கிறவர்களின் வித்தியாசம் நமக்குப் பண்பாடாகத் தெரிகிறது, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் வித்தியாசம் ஒழுக்கக்கேடாகத் தெரிகிறது. நோபிலியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதே தொடரில் சில வாரம் முன்பு முதுவாக்குடி பற்றி எழுதினேன். அங்கே வாழும் மலைக்குடிகளான முதுவர்கள் துணித்தூளியில் பிள்ளையை முதுகில் கட்டிச் சுமப்பதையும், மதுரையிலிருந்து மலையேறி வந்தோம் என்று அவர்கள் சொல்லும் பூர்வகதையையும் எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தேன்! அவர்கள் தூரத்தில் இருந்தார்கள், எனக்குச் செலவு ஒன்றும் இல்லை. புகையிலைக் கிழவியின் முழங்காலோ என் முழங்காலில் இடித்தது.

போடிமெட்டில் பனி இன்னும் விலகவில்லை. டீக்கடை முன்னால் வண்டி நின்றது. பெண்கள் தூக்குவாளியைத் திறந்தார்கள்.

“சாப்பிடலையா?” என்றார் கிழவி.

விரதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. “கொண்டுவரலம்மா” என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் எழுந்து போய்க் கடைக் குடத்திலிருந்து தண்ணீர் மோந்து வாய் கொப்பளித்தார். இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாளி மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து, ஓரத்தில் துவையல் வைத்து, என் முன்னால் நீட்டினார்.

“கை கழுவிட்டேன். பாத்துக்க.”

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. முந்தலிலிருந்து என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

வாங்கிச் சாப்பிட்டேன். துவையலில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.