யானைக்கு நிற்கும் வண்டிகள்

ஐரோப்பிய நகரம் ஒன்றை முதன்முதலாக நடந்து சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான்: ஊர் சுத்தம், குளிர் சுகம். வழி தெரியாத ஊரில் மணிக்கணக்காக நடந்தும் எப்படி அலுக்கவில்லை என்று கேட்டால் அதே குளிரைக் கைகாட்டுவார்கள். இந்தக் காரணம் செல்லாது. புது ஊரில் நடப்பவருக்குப் பார்வை நிமிர்ந்திருக்க வேண்டும்; கட்டடமும் கடைப் பலகையும் மனித முகமும் அங்கேதான் இருக்கின்றன. காலடியில் பள்ளமோ உடைந்த சாக்கடை மூடியோ வராது என்று உறுதியானால்தான் பார்வை நிமிரும். அந்த உறுதியைக் கொடுப்பது அந்த ஊரின் நகராட்சி.

கோபன்ஹேகனையே எடுத்துக்கொள்வோம். உலகமே நடந்து ரசிக்கும் ஸ்ட்ரோகெட் கடைவீதி 1962 வரை கார்களால் திணறிய ஒரு ரோடு. ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் அந்தத் தெருவில் இனி வண்டி விடமாட்டோம் என்றதும் கடைக்காரர்கள் கொதித்தார்கள். வியாபாரம் படுத்துவிடும், தெருவில் உலாத்த நாம் என்ன இத்தாலிக்காரர்களா, இந்தக் குளிரில் யார் நடப்பார்கள் என்றெல்லாம் எதிர்ப்பு வந்தது. நாம் வெயிலைச் சொல்கிறோம், அவர்கள் குளிரைச் சொன்னார்கள்! ஐரோப்பிய நகரங்கள் பழங்கால ஊர்கள், அவற்றின் தெருக்கள் நடப்பதற்கென்றே அமைந்தவை என்று வாதிடுவோரும் உண்டு. அதே பழைய தெருக்களில்தான் கார்கள் அடைத்து நின்றன. ஸ்பெயினில் ஏறத்தாழ 80,000 பேர் வாழும் போன்டெவெட்ரா, தன் பழைய நகர்ப்பகுதியிலிருந்து கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியதே 1999-இல்தான். பழமைதான் தகுதி என்றால் மதுரைக்கு அது குறைவா? மீனாட்சி கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டியை நிறுத்திய பிறகு, மதுரை வெயிலிலும் ஜனங்கள் நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஓசூரில் வெயில் வாதம் இன்னும் எடுபடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஊர் இது. சிப்காட் தொழிற்பேட்டை வந்து, லாரியும் கம்பெனி பஸ்ஸுமாகப் பெருத்து, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் தொழிலாளிக்குக் கிடைப்பது சர்வீஸ் ரோட்டின் ஓரம் மட்டும்தான். கிருஷ்ணகிரி சாலையில் சானமாவுக் காட்டருகே யானைக்கூட்டம் கடக்கும்போது வனத்துறையினர் நின்று நெடுஞ்சாலைப் போக்குவரத்தையே நிறுத்துகிறார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். அதே சாலையை ஒரு பெண் டிபன் கேரியரோடு கடக்கும்போது நிறுத்த ஆளில்லை.

நடைபாதை போட்டால் தள்ளுவண்டிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். அவர்களுக்கு இடம் ஒதுக்கத்தான் 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டமே வந்தது. உண்மையில் பாதையை அடைப்பது பூக்கார அம்மாவின் கூடையைவிட டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திவைத்த பைக்குகளும்தான். வண்டி வைத்திருப்பவர்கள் கோபிப்பார்கள், உண்மை. 2019 நவம்பரில் சென்னை பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தபோதும் பார்க்கிங் எங்கே என்ற கேள்வி எழுந்தது. யார் கோபித்தாலும், நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறியே சொல்கிறது. ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேரோட்டத்தின்போது தேர்ப்பேட்டையில் வண்டிகளை நிறுத்த முடிகிறது அல்லவா? மாநகராட்சி அங்கிருந்தே தொடங்கட்டும். முதலில் வாரத்தில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்கட்டும்.