கன்னேரிக் குன்றின் மழைநீர்

போரிவலி நிலையத்தை நாள்தோறும் கடந்து செல்லும் நம் அன்பர்களுள், அதன் கிழக்கே தேசியப் பூங்காக் காட்டினுள் பௌத்தத் துறவியர் வாழ்ந்த குன்று ஒன்று இருப்பதை நேரிற் கண்டவர் சிலரே. கருங்குன்று எனப் பொருள்படும் கிருஷ்ணகிரி என்ற பெயரே கன்னேரி எனத் திரிந்தது.

மரநிழலிற் சிறிது நடந்து, பாறையிலேயே வெட்டப்பட்ட படிகளில் ஏறினோம். கி.மு. 1ஆம் நூற்றாண்டு முதல் சுமார் ஆயிரம் ஆண்டுகளாகக் குடையப்பட்ட குகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. 3ஆம் குகையின் பெரிய புத்தர் உருவங்களைச் சுற்றியே கூட்டம் நின்றது. நம் உள்ளத்தைக் கவர்ந்தவையோ, குகை வாயில்களின் அருகே காணும் தண்ணீர்த் தொட்டிகள்! மழைக்காலம் நான்கு திங்கள். எஞ்சிய எட்டுத் திங்களும் வறட்சி. ஆகவே பாறைமேல் விழும் மழையைச் சிறு கால்கள் வெட்டித் தொட்டிகளிற் சேர்த்தனர். கல்யாண், சோபாரா வணிகர்கள் குகையோடு தொட்டியையும் தானம் செய்த செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. (இன்று நாம் மின்சார ரயிலில் நெருக்குண்டு செல்லும் அதே ஊர்கள்தாம்!)

விடியலிற் குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இதன் அருமை புரியும். 1860இல் முடிந்த விஹார் ஏரியும் 1879இல் முடிந்த துளசி ஏரியும் இக்காட்டினுள்ளேயே உள்ளன. மும்பையின் குடிநீரில் ஒரு சிறு பங்கு இன்றும் இவற்றினின்றே வருகின்றது. இத்தகைய காட்டில், உண்ட பொட்டலத்தை அத்தொட்டிகளுக்குள்ளேயே எறிவோரை என்னென்பது?

திங்கட்கிழமை விடுமுறை. பூங்கா வாயிலிலிருந்து குகைகள் 6, 7 கிலோமீட்டர். குழந்தைகளின் கையில் தின்பண்டம் வேண்டா, குரங்குகள் பொல்லாதவை.